இரண்டு 'பி' போட்ட துடிப்பு

கண்டி டவுனில் எந்தக் கடைப் பலகையில் எந்த ஆங்கில எழுத்து பிழை என்பது எனக்கு மனப்பாடம். கொப்பி, பென்சில் விற்கிற கடையொன்றின் பலகை, 'ஸ்டேஷனரி'யில் ஓர் எழுத்து மாறிப்போனதால், பல வருடங்களாக 'அசையாமல் நிற்கிறது' என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சாப்பாட்டுக் கடை தன் பெயரிலேயே ஓர் எழுத்தை விழுங்கிவிட்டது. பஸ்ஸில் போகும்போது இவற்றை வாசித்துப் பல்லைக் கடிப்பது என் வழக்கம். ஒருமுறை பொறுக்கமாட்டாமல், நான் முடி வெட்டிக்கொள்கிற சலூனில் பலகையைத் திருத்தச் சொன்னேன். சலூன்காரர் தலையை ஆட்டிவிட்டு வெட்டத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தபோது ஒரு பக்கக் கிருதா மற்றதைவிட அரை அங்குலம் மேலே இருந்தது.

இந்த வியாதிக்குக் காரணம் உண்டு. நான் ஹந்தானையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். ஆங்கிலத்தை எனக்கு யாரும் ஊட்டிவிடவில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு பின்னேரங்களில் மலையிலிருந்து இறங்கி, டவுனில் ஒரு வகுப்புக்குப் போய், திரும்ப ஏறி, மூன்று வருடம் நடந்து நடந்து படித்தது. சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று அர்த்தம். அவ்வளவு நடந்து வாங்கிய வாளை உறைக்குள் போட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் கிளார்க் வேலை கிடைத்த பிறகு கேட்கவே வேண்டாம். வெளிநாட்டுக்குப் போகிற ஈமெயில்களை மற்றவர்கள் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். பொத்தான் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை என்பதைக்கூட நான் அழகாக எழுதுவேன்.

அப்படிப்பட்டவன் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லால் தன் கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்த கதை இது.

பெண் கெலிஓயாவில். விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று அம்மாவும் நானும் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்துவிட்டு அவள் உள்ளே ஓடவில்லை. எனக்கு எதிரே இருந்த கதிரையில் உட்கார்ந்து நேராகப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்கு ரோட்டுலேருந்து எத்தனை படி ஏறணும்?" என்று கேட்டாள்.

"நூத்திப் பதினாலு."

"எண்ணி வச்சிருக்கீங்களா?"

"தினமும் எண்ணுவேன். ஒரு நாளாவது குறையுமான்னு பாக்குறதுக்கு."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு என் காரியம் முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பலகையைக்கூட நான் வாசிக்கவில்லை.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவும் அம்மாவின் அண்ணனும்தான். அந்த மாமா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம், நோயாளிகள் படுக்கிற வாட்டில் சிற்றூழியராக இருந்து பென்ஷன் எடுத்தவர். நோயாளியை ட்ரொலியில் தள்ளுவது, எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போவது, கட்டிலில் தொங்குகிற டிக்கட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, இதெல்லாம் அவர் வேலையாக இருந்தது. டிக்கட் என்றால் நோயாளிக்கு என்ன வருத்தம், என்ன மருந்து என்று டாக்டர்மார் எழுதுகிற அந்த மட்டைதான். அதை எடுத்துக்கொண்டு நீண்ட நீண்ட வராந்தாக்களில் நடக்கும்போது வாசித்து வாசித்தே அவர் ஆங்கிலம் படித்திருந்தார். அவருடைய வகுப்பறை அது, என்னுடையது வேறு. வினை அங்கேதான் இருந்தது.

ஜாதகம் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்திருந்தார்கள். பதில் வரும்வரை நாங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று மாமா அனுமதி கொடுத்தார். நாங்கள் பேசவில்லை. 'குட் மோர்னிங்', 'சாப்பிட்டீங்களா', 'மழையா' என்று மெசேஜ் போட்டுக்கொண்டோம். பத்து நாள் இப்படியே போனது. இதை இனி ஓர் அடி முன்னால் நகர்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டோர்ஸில் பொத்தான் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, 'உங்களை நினைத்தால் என் இதயம் துடிக்கிறது' என்று தமிழில் அடித்துப் பார்த்தேன். எனக்கே காது சூடாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் அப்படிப் பேசிய ஆள் கிடையாது. என் அப்பா அம்மாவிடம் சொன்ன ஆகப் பெரிய அன்பு வார்த்தை 'இன்னைக்குக் கொழம்புல உப்பு சரியா இருக்கு' என்பதுதான். தமிழில் எழுதினால் அதை நான் சொல்கிறேன் என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் வேறு யாரோ சொல்வதுபோல இருக்கும், வெட்கம் பாதியாகும். சட்டென்று எழுதியதை அழித்தேன்.

இனி எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. 'பீட்டிங்' என்று போடலாம். ஆனால் அதை எல்லாருடைய இதயமும்தான் செய்கிறது, அதில் எனக்கென்ன பெருமை. போதாததற்கு அடி உதைக்கும் அதே சொல். 'பல்சேட்டிங்' நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பல்லேகல மைதானத்தில் கடைசி ஓவர் வரை இழுக்கிற மெச்சுக்கு வர்ணனைக்காரர்கள் சொல்கிற சொல். கல்யாண ஹோல்களில் காதைப் பிளக்கிற இசைக் குழுக்களின் பேனரிலும் பார்த்திருக்கிறேன். ஆறு பந்தில் ஒன்பது ஓட்டம் தேவைப்படுகிற இடத்தில் போடுகிற சொல்லை ஒரு டீச்சருக்குப் போட முடியாது. பிறகு போனில் இருந்த அகராதியில் 'த்ரொபிங்' கண்ணில் பட்டது. முதல் அர்த்தம், துடிக்கின்ற. அது போதும் என்று நினைத்தேன். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது, நான் கீழே போகவில்லை. நடுவில் இரண்டு 'பி' வர வேண்டும் என்பதை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன். அதில் பிழை விட்டால் மானம் போய்விடும் என்பதுதான் அந்த நேரத்தில் என் ஒரே பயம்.

'உங்களை நினைத்து என் இதயம் த்ரொபிங்' என்று பொருள் வரும்படி ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. வாசித்தாகிவிட்டது. பதில் இல்லை. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது, பதில் இல்லை. அன்று பின்னேரம் நான்கு துளைப் பொத்தான் பெட்டியையும் இரண்டு துளைப் பொத்தான் பெட்டியையும் மாற்றி அனுப்பி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரொம்பவும் அவசரப்பட்டுவிட்டேன், அவள் என்னை மட்டமாக நினைத்துவிட்டாள் என்று ஒரே வேதனை.

நடந்ததே வேறு. பள்ளிக்கூட லீவு நாள் என்பதால் அவள் வீட்டில் இருந்தாள். ஜாதகக்காரர் பொருத்தத் தாளைப் படம் பிடித்து அவளுடைய போனுக்கு அனுப்பியிருந்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று அவர் தங்கச்சியிடம் சொல்லி வாய் மூடவில்லை, மேலேயிருந்து என் மெசேஜ் இறங்கியிருக்கிறது. கை பட்டுத் திறந்துவிட்டது.

மாமா அந்தச் சொல்லை முப்பது வருடமாகப் பார்த்தவர். தலை த்ரொபிங் என்று எழுதிய டிக்கட் பார்த்திருக்கிறார். சொத்தைப் பல் த்ரொபிங் பார்த்திருக்கிறார். கால் விரலில் சீழ் கட்டி, நோயாளி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறிய த்ரொபிங்கும் பார்த்திருக்கிறார். இதயம் த்ரொபிங் என்று எழுதிய டிக்கட் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை. அப்படி நெஞ்சு வலிக்கிற ஆள் உட்கார்ந்து மெசேஜ் அனுப்புகிறான் என்றால் அதுவே பெரிய விசயம் என்று நினைத்தாராம்.

அவர் என்னைக் கேட்கவில்லை. நேரே என் அம்மாவுக்குப் போன் போட்டார். வாட்டில் புதிதாக வந்த நோயாளியிடம் டாக்டர்மார் என்னென்ன கேட்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அதே வரிசையில் கேட்டிருக்கிறார். மகனின் கல்யாணப் பேச்சு என்பதால் அம்மாவும் ஒன்றையும் மறைக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். அம்மாவே பிறகு அதை எனக்கு நடித்துக் காட்டினார்.

"தம்பிக்கு அதிகமா வேர்க்குமாங்க?"

"வேர்க்காம என்னாங்க. சட்டை பிழியிற மாதிரி இருக்கும்."

"மூச்சு வாங்குமா?"

"வாசலுக்கு வந்ததும் தூணைப் புடிச்சிக்கிட்டு அஞ்சு நிமிசம் நிப்பான். அப்புறம்தான் பேச்சே வரும்."

"இடது கை வலிக்குதுன்னு சொல்லுவாரா?"

"ஆமாங்க, அந்தக் கைதான் எப்பவும் வலிக்குதும்பான். நான் கோடாலித் தைலம் தேச்சு விடுவேன்."

நூற்றிப் பதினாலு படியையும், இடது தோளில் கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு நான் அவற்றை ஏறுவதையும் அம்மா சொல்லவேயில்லை. ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு கேக்கலையே" என்றார்.

மாமா அன்று சொன்ன முடிவு சுருக்கமானது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்ப்பதை நிறுத்தி வைப்போம். முதலில் தம்பியின் நெஞ்சை டாக்டரிடம் காட்டுவோம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் ஆங்கிலத்தை ஒருவர் பிழை என்றால்கூடத் தாங்கியிருப்பேன், நோய் என்று சொல்லிவிட்டார். மறுநாள் நானே அவருக்குப் போன் எடுத்தேன். ஆனால் எடுத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. நீங்கள் நினைக்கிற அர்த்தம் இல்லை என்றால், சரி, வேறு என்ன அர்த்தம் என்று கேட்பார். அதைப் பெண்ணின் மாமாவிடம் எந்த வாயால் சொல்வது.

"மாமா, அது சும்மா ஒரு வார்த்தைங்க" என்றேன்.

"டிக்கட்டுல சும்மா ஒரு வார்த்தையும் எழுதமாட்டாங்க தம்பி. மறைக்காம சொல்லுங்க. விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?"

"தெறிக்கலைங்க."

"அப்ப எப்புடி இருக்கு?"

எப்படி இருக்கிறது என்று நான் யோசித்த அந்த இரண்டு விநாடி மௌனமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை காலையில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் அகராதியைத் திறந்து, முன்பு போகாத அந்தக் கீழ் வரிகளுக்குப் போனேன். இரண்டாவது அர்த்தம், விண்விண்ணென்று வலிக்கின்ற. உதாரணம், சீழ்க்கட்டி. மூன்று வருடம் மலை ஏறி இறங்கிப் படித்தவன் இரண்டு வரி கீழே இறங்கவில்லை.

அன்று பின்னேரம் அவளே போன் எடுத்தாள். அதுதான் நாங்கள் முதன்முதலாகப் போனில் பேசியது. மன்னிப்புக் கேட்பாள், மாமாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தமிழ்ல எழுதியிருக்கலாமே" என்றாள்.

"வெக்கமா இருந்திச்சு."

"தமிழ்ல மட்டும் என்ன. மீனை வெட்டிப் போட்டாலும் துடிக்குதும்போம், பையன் கெட்டிக்காரன்னா துடிப்பான பையன்போம். எனக்கு வெளங்கிருச்சு. மாமாவுக்குத்தான் வெளங்கல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க அவர் மேல கோவப்படக் கூடாது. அப்பா போன அன்னைக்குக் காலையில நெஞ்சு என்னமோ மாதிரி இருக்குன்னுதான் சொன்னாரு. யாரும் பெரிசா எடுக்கல, மாமாவும் எடுக்கல. மத்தியானம் மாமா வேலை செய்யுற வாட்டுக்கே கொண்டு வந்தாங்க. மாமாதான் ட்ரொலி தள்ளினாரு. அப்பாவுக்கு நாப்பத்தாறு வயசு."

என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. நான் ஒரு சொல்லின் இரண்டு அர்த்தத்துக்காகச் சண்டைக்கு நின்றிருந்தேன். அவர் தன் தங்கச்சிக்கு நடந்தது தங்கச்சி மகளுக்கும் நடந்துவிடக் கூடாது என்று நின்றிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. உண்மையாகவே ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது. இசிஜி தாளில் ஒரு கோடு வளைந்தால் இந்தக் கல்யாணம் நடக்காது, நடக்கக் கூடாது என்றும் எனக்கே தோன்றியது. சனிக்கிழமை வரை நான் படி ஏறும்போதெல்லாம் பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. மாமா கிளினிக் வாசலில் குடையும் ஃபைலுமாக நின்றார். என்னைக் கண்டதும் நலம் விசாரிக்கவில்லை, முழங்கையைப் பிடித்தார். வாட்டில் பழகிய கை, மென்மையாக ஆனால் உதற முடியாதபடி பிடித்தது. "மெதுவா, மெதுவா" என்று நான்கு படியையும் ஏற்றி, கதிரையில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் எனக்காக இரக்கப்பட்டு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வயது இருபத்தொன்பது.

நம்பர் வந்ததும் நர்ஸ் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொல்லி, நெஞ்சில் தண்ணீரைத் தடவி, ஆறு ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாக அமுக்கி ஒட்டவைத்தார். கையிலும் காலிலும் கிளிப். அசையக் கூடாது, பேசக் கூடாது என்றார். மெஷின் தாளைக் கக்க ஆரம்பித்தது.

அப்போது திரை விலகியது. நம்பர் துண்டை நான் கதிரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. தன் விசயமாகப் போகிறவர்கள் தன்னை விட்டுவிட்டுப் போவதா என்று அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். அவளை நான் நேரில் பார்ப்பது அது இரண்டாவது தடவை. ஆறு ரப்பர் குமிழ் முளைத்த வெற்று நெஞ்சோடு, அசையவும் முடியாமல், பேசவும் முடியாமல் நான் கிடந்தேன். அவள் துண்டை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு, ஆனால் அவசரமில்லாமல், திரையை இழுத்து விட்டாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. தாளைக் கையில் எடுத்தவர் புருவத்தை உயர்த்தினார். மாமாவும் நானும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"இவர் ஓடி வந்தவரோ?"

"இல்ல டாக்டர். மெதுவாத்தான் கூட்டியாந்தேன். படியைக்கூடப் பாத்துப் பாத்துதான் ஏத்தினேன்."

"நிமிசத்துக்கு நூற்றி இருபத்தொண்டு அடிக்குது. இருந்த இடத்தில இருக்கிற ஆளுக்கு இது கூடுதல்."

மாமாவின் முகத்தை அப்போது பார்த்தேன். ஜெயித்த முகம் இல்லை அது. கண் கலங்கிப் போய்த் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், முடிந்துபோனது என்று நினைத்தேன்.

டாக்டர் தாளை மறுபடியும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். "ஆனா அடிப்பு ஒழுங்காத்தான் இருக்குது, வேகம் மட்டும்தான். எடுக்கேக்க உள்ளுக்கு ஆரும் வந்தவையோ?" என்று திரும்பி நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மிஸ் ஒருவர் துண்டு கொடுக்க வந்தார், அந்த நேரம்தான் மெஷின் ஓடியது என்று சொன்னது எனக்குப் புரிந்தது. மாமாவுக்கும் புரிந்தது.

"அப்ப அந்த மிஸ்ஸை வாசலுக்கு வெளியில நிக்கச் சொல்லுங்கோ. கொஞ்ச நேரத்தால திரும்ப எடுப்பம்."

அவள் வெளியே அனுப்பப்பட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மாமாவின் குடையை விரித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். நான் மறுபடியும் படுத்தேன், மறுபடியும் ஆறு குமிழ். இந்த முறை தாள் அமைதியாக வந்தது.

"எழுபத்தாறு. ஓம், இது வடிவா இருக்குது" என்றார் டாக்டர். "இவருக்கு ஒண்டுமில்லை. பயப்பிடாம நாள் பாருங்கோ."

மாமா எழுந்திருக்கவில்லை. இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையால் நீவினார். ஒன்றில் கோடுகள் நெருக்கி நெருக்கி நின்றன. மற்றதில் இடம் விட்டு நின்றன.

"டாக்டர், ஒண்ணு கேக்கவா? த்ரொபிங்னு எழுதுவீங்களே. அது நோவு இல்லாமலும் வருமா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "நாங்கள் நோவுக்குத்தான் எழுதுறனாங்கள். ஆனா உள்ளபடிக்கு அது நோவின்ட சொல் இல்லை, அடிப்பின்ட சொல். நோவில்லாமலும் வரும்."

"முப்பது வருசம் டிக்கட் தூக்கினேன் டாக்டர். ஒரு டிக்கட்டுலகூட அப்படி நான் பாக்கலையே."

"சந்தோசமா இருக்கிற ஆக்கள் வாட்டுக்கு வாறேல்லை, ஐயா."

மாமா தலையை ஆட்டினார். பிறகு என் முழங்கையைப் பிடிக்காமல் எழுந்து முன்னால் நடந்தார்.

வெளியே மழை விட்டிருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது தாளில் எவ்வளவு என்று கேட்டாள். எழுபத்தாறு என்றேன்.

"நான் கதவுக்கு வெளியில போனதும் எழுபத்தாறா? ரொம்ப சீக்கிரமா இறங்கிருச்சே" என்றாள். எட்டாம் வகுப்புக்கு இதயத்தைப் படம் போட்டுப் படிப்பிக்கிற டீச்சரிடம் நான் என்ன சொல்லித் தப்புவது.

அதற்குள் மாமாவைக் காணவில்லை. தேடினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு போட்டோ கொப்பிக் கடையில் நின்றார். "இசிஜி தாள் நாள் போனா வெளுத்துரும். ஒரு கோடுகூட மிஞ்சாது. வாட்டுல எத்தனையோ பாத்திருக்கேன்" என்று சொல்லி, இரண்டையும் கொப்பி எடுத்தார். எழுபத்தாறைத் தங்கச்சியிடம் காட்ட ஜாதகத் தாளோடு ஃபைலில் வைத்தார். மற்றதின் கொப்பியை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் அசல் தாளை என்னிடம் தந்தார். அந்தக் கடையின் பலகையில் இரண்டு பிழை இருந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்றாவது மாதம் கல்யாணம். ஹோலில் ஒரு 'பல்சேட்டிங்' இசைக் குழு வந்து, நான் பயந்தபடியே எல்லாருடைய காதையும் பிளந்தது. ஆட்கள் வரிசையில் வந்து கவர் கொடுத்துப் போனார்கள். மாமா கொடுத்த கவர் மெல்லியதாக இருந்தது. மறுநாள் அவளும் நானும் அதைப் பிரித்தபோது உள்ளே அந்தப் போட்டோ கொப்பி இருந்தது, நிமிசத்துக்கு நூற்றி இருபத்தொன்று.

மேல் மூலையில், டாக்டர்மார் டிக்கட்டில் எழுதுகிற அதே இடத்தில், நீல மையில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. முப்பது வருடம் டிக்கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த மனிதர் அதில் ஒரு புள்ளி வைத்ததில்லை, வைக்கவும் முடியாது. இப்போதுதான் முதன்முதலாக எழுதியிருக்கிறார். டாக்டர்மாரைப்போலவே கொஞ்சம் சாய்த்து, கீழே சின்னதாகக் கையெழுத்தும் போட்டு.

'த்ரொபிங். நோ பெயின்.'

அசல் தாள் அவர் சொன்னபடியே இப்போது வெளுத்துப்போய்விட்டது, வெறும் வெள்ளைத்தாள். கொப்பி மட்டும் எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. காலையில் சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அதை வாசிக்கிறேன். த்ரொபிங் என்பதில் மாமா ஒரு 'பி'தான் போட்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.